இந்தூர் சோயாவும் நாமக்கல் முட்டையும்

காலை ஏழரை மணி. பெங்களூர் தொழிற்பேட்டை ஒன்றின் வாசலில் ஒரு தள்ளுவண்டிக் கடை. ஷிப்டுக்குப் போகிற அவசரத்தில் நின்றபடியே நாலு இட்லி, ஓர் அவித்த முட்டை. "நம்ம ஊர் முட்டைங்க, நாமக்கல்லிலிருந்து லாரியில் வந்தது" என்று கடைக்காரர் பெருமையோடு சொல்வார். அவர் சொல்வது உண்மைதான். ஆனால் அது பாதி உண்மை!

முட்டை இட்ட கோழி நாமக்கல் கோழி. அந்தக் கோழி தின்ற தீவனமோ பல ஊர்ச் சரக்கு. அதில் புரதச் சத்தைத் தருகிற முக்கியப் பொருளான சோயாப் புண்ணாக்கு, ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால், மத்தியப் பிரதேசத்து மாளவ மண்ணிலும் மராட்டியத்துக் கரிசலிலும் விளைந்த பயறிலிருந்து வருகிறது. இந்தூருக்கும் உஜ்ஜயினிக்கும் அக்கம்பக்கத்தில் ஓர் உழவர் எந்த விதையை விதைக்கிறார், அறுவடையின்போது மழை பெய்ததா, ஆலையில் எவ்வளவு நேரம் சூடு காட்டினார்கள் என்பதெல்லாம், கடைசியில் பெங்களூரில் தட்டில் வந்து விழும் முட்டையின் விலையைத் தீர்மானிக்கின்றன.

இந்தச் சங்கிலியில் விதை ஆராய்ச்சியாளர், உழவர், மண்டி வியாபாரி, எண்ணெய் ஆலை, தீவன ஆலை, கோழிப்பண்ணை என்று ஆறு கண்ணிகள் உள்ளன. ஆறும் தனித்தனியே இழுத்தால் சரக்கின் தரம் கெடுகிறது. சேர்ந்து இழுத்தால்?

தரிசாகக் கிடந்த நிலம்

மாளவத்துக் கரிசல் மண்ணில் முன்பெல்லாம் மழைக்காலத்தில் பெரும்பாலும் பயிரிட மாட்டார்கள். நிலத்தைச் சும்மா போட்டு வைப்பார்கள். மழை ஈரத்தை மண் குடித்து வைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் அந்த ஈரத்தை நம்பிக் கோதுமையோ கொண்டைக்கடலையோ விதைப்பார்கள். ஆண்டில் ஒரே போகம்.

அறுபதுகளில் ஜபல்பூர், பந்த்நகர் ஆகிய இரண்டு விவசாயப் பல்கலைக்கழகங்களும் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து மஞ்சள் சோயா ரகங்களை இங்கே பரிசோதித்தன. 1967இல் சோயாவுக்கென அகில இந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. ஜூன் கடைசியில் முதல் மழையோடு விதைத்து, செப்டம்பர் கடைசியிலும் அக்டோபரிலும் அறுக்கலாம். அதன்பிறகு கோதுமையும் போடலாம் என்று தெரிந்ததும் உழவர்கள் விடவில்லை. தரிசாகக் கிடந்த நிலம் இரண்டு போகம் கண்டது.

பயறு விளைந்ததும் ஆலைகள் வந்தன. 1979இல் ஆலைக்காரர்கள் இந்தூரில் சோயா ஆலையினர் சங்கம் அமைத்தார்கள். 1987இல் மத்திய அரசின் சோயா ஆராய்ச்சி மையம் அதே இந்தூரில் ஏற்பட்டது. 1994இல் ஜபல்பூர் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஜே.எஸ். 335 என்ற ரகம் பல ஆண்டுகள் வயல்களில் கொடிகட்டிப் பறந்தது. இன்று இந்தியாவில் சோயா பயிராகும் பரப்பு ஒரு கோடியே இருபது லட்சம் ஹெக்டேர் அளவில் இருக்கிறது.

பரப்பு பெரிது, விளைச்சல்தான் சிறிது. நம் நாட்டில் ஹெக்டேருக்கு ஏறத்தாழ ஒரு டன். அமெரிக்காவிலும் பிரேசிலிலும் மூன்று டன்னுக்கு மேல். அளவில் போட்டி போட முடியாதபோது தரத்திலாவது நிற்க வேண்டாமா?

அரிசியும் பருப்பும் போல

கோழிக்கு ஏன் சோயா? நம் வீட்டுச் சாப்பாட்டை எண்ணிப் பார்த்தால் விளங்கும். சோறு மட்டும் தின்றால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. பருப்பு சேர்ந்தால்தான் சாப்பாடு முழுமை. அரிசியில் குறைவாக இருக்கும் லைசின் என்ற சத்து பருப்பில் தாராளமாக இருக்கிறது.

கோழிக்கும் அதே கணக்குத்தான். அதற்கு மக்காச்சோளம் சோறு. சோயாப் புண்ணாக்கு பருப்பு. மக்காச்சோளத்தில் புரதம் நூற்றுக்கு எட்டு ஒன்பது பங்குதான். அதிலும் லைசின் குறைவு. சோயாப் புண்ணாக்கில் புரதம் நூற்றுக்கு 44 முதல் 48 வரை, லைசினும் நிறைய. மெத்தியோனின் என்ற இன்னொரு சத்து மட்டும் சோயாவில் குறைவு. அதைத் தனியே வாங்கித் தீவனத்தில் கலக்கிறார்கள்.

சோயாவை எண்ணெய்க்காக ஆட்டுகிறார்கள் என்றுதான் பலரும் நினைப்பார்கள். நூறு கிலோ பயறில் கிடைக்கும் எண்ணெய் சுமார் 18 கிலோ. புண்ணாக்கோ 80 கிலோ! பயறைச் சுத்தம் செய்து, உடைத்து, தோல் நீக்கி, அவல்போல் தட்டையாக நசுக்கி, ஹெக்சேன் என்ற கரைப்பானில் எண்ணெயைக் கரைத்து எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவதைத்தான் நாமக்கல் பண்ணைக்காரர்கள் 'சோயா டி.ஓ.சி.' என்கிறார்கள்.

வேகாததும் கருகியதும்

பச்சைச் சோயாவை அப்படியே கோழிக்குப் போட முடியாது. அதில் டிரிப்சின் தடுப்பான் என்ற பொருள் இருக்கிறது. குடலில் புரதத்தை அறுத்துச் செரிக்க வைக்கும் டிரிப்சினை அது கட்டிப்போட்டுவிடும். தின்றது செரிக்காது, கணையம் வீங்கும், குஞ்சு வளராது. நல்லவேளையாக, நீராவிச் சூட்டில் இந்தப் பொருள் செயலிழந்துவிடும். எனவே எண்ணெய் எடுத்தபின் ஹெக்சேனை ஆவியாக்கும் அதே கொப்பரையில் புண்ணாக்கை வாட்டியும் எடுக்கிறார்கள்.

இங்கேதான் கைப்பக்குவம். சூடு குறைந்தால் தடுப்பான் மிஞ்சும். சூடு கூடினால் லைசின் சர்க்கரையோடு ஒட்டிக்கொண்டு, கோழிக்குப் பயன்படாமல் போய்விடும். சோற்றைக் குழையவிட்டாலும் சாப்பிட்டுவிடலாம். கருகிய புண்ணாக்கைக் கோழி தின்னும். ஆனால் உடம்பில் ஒட்டாது. ஆய்வுச் சீட்டில் புரதம் 46 என்றே இருக்கும். பண்ணையில் முட்டை குறையும். காரணம் தெரியாமல் பண்ணைக்காரர் தலையைச் சொறிவார்.

இதைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. பச்சைச் சோயாவில் யூரியேஸ் என்ற நொதியும் இருக்கிறது. தடுப்பானைச் செயலிழக்க வைக்கும் சூட்டில் இதுவும் அடங்கிவிடும். புண்ணாக்குத் தூளை ஒரு தட்டில் பரப்பி, யூரியாவும் ஒரு சாயமும் கலந்த கரைசலை ஊற்றிச் சில நிமிடம் வைத்தால், வேகாத துகள்கள் சிவப்புப் புள்ளிகளாகத் தெரியும். தட்டு முழுதும் சிவந்தால் வேகவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புள்ளி இருந்தால் பக்குவம். ஒரு புள்ளிகூட இல்லையென்றால், கருகிவிட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும்.

கருகலை உறுதிசெய்ய வேறொரு சோதனை. பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தில் புண்ணாக்குப் புரதம் எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். நூற்றுக்கு 70 முதல் 85 வரை கரைந்தால் நல்ல சரக்கு. எழுபதுக்குக் கீழே போனால் கருகல். எண்பத்தைந்துக்கு மேலே போனால் வேக்காடு போதாது.

ஒரு நாளைக்கு ஒரு மூட்டை

தரம் இரண்டு புள்ளி குறைந்தால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்கலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் தீவனம் தின்னும். ஐம்பதாயிரம் கோழிகள் உள்ள பண்ணைக்கு ஒரு நாளைக்கு ஐந்தரை டன் தீவனம் வேண்டும். அதில் ஐந்தில் ஒரு பங்கு சோயாப் புண்ணாக்கு என்று வைத்துக்கொண்டால் 1,100 கிலோ. வாங்கிய சரக்கில் புரதம் 46க்குப் பதில் 44தான் என்றால், நாளொன்றுக்கு 22 கிலோ புரதம் மறைந்துபோகிறது. அதை ஈடுகட்ட ஏறக்குறைய 48 கிலோ புண்ணாக்கு வேண்டும். அதாவது தினம் ஒரு மூட்டை. மாதம் முப்பது மூட்டை. முட்டை உற்பத்திச் செலவில் நூற்றுக்கு எழுபது பங்கு அளவு தீவனத்துக்கே போகிற தொழிலில், இந்த முப்பது மூட்டைதான் லாபத்துக்கும் நஷ்டத்துக்கும் நடுவே கிடக்கிற வரப்பு.

கணக்கு பண்ணையோடு நிற்பதில்லை. தமிழகத்துச் சத்துணவுக் கூடங்களில் பள்ளிப் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கிறார்கள். வெளிமாநிலத்தில் மெஸ்ஸில் சாப்பிட்டுக் காலம் தள்ளும் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும், கையைக் கடிக்காத விலையில் கிடைக்கிற நல்ல புரதம் முட்டைதான்.

யூரியா என்னும் திருட்டு வழி

சரக்கில் உள்ள புரதத்தை நேராக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து, அதை 6.25ஆல் பெருக்கிப் புரதம் இவ்வளவு என்று சொல்வது பழைய முறை. வயலுக்குப் போடும் யூரியாவிலும் நைட்ரஜன் இருக்கிறது. நூற்றுக்கு 46 பங்கு. ஒரு கிலோ யூரியா, சோதனையில் ஏறத்தாழ 2.9 கிலோ புரதமாக வேஷம் போடும்! புரதம் 44 உள்ள மட்டச் சரக்கில் நூற்றுக்கு ஒரு கிலோ யூரியா கலந்தால், சீட்டில் 46க்கு மேல் வந்துவிடும். மாட்டின் வயிற்றில் உள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் யூரியாவைப் பயன்படுத்திக்கொள்ளும். கோழிக்கு அது பயனில்லை. அளவு மீறினால் கெடுதல்.

இந்தத் திருட்டைப் பிடிக்கும் போலீஸ்காரரும் சோயாதான். சந்தேகப்படும் தீவனத்தோடு பச்சைச் சோயா மாவைக் கலந்து, வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு மூடி வைத்தால், அந்த யூரியேஸ் நொதி யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கும். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கும் நெடி வரும். மண் கலப்பு, தோல் கலப்பு, ஈரம் கூட்டுதல் என்று வேறு வழிகளும் உண்டு.

நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கால்நடைத் தீவனத்துக்கென்று ஒரு தர ஆய்வுக்கூடம் இயங்குகிறது. பண்ணைக்காரர்கள் லாரியிலிருந்து மாதிரி எடுத்து அங்கே கொடுத்துச் சோதித்துக்கொள்ளலாம். அகச்சிவப்புக் கதிரை அடுத்த ஒளிக்கதிரைப் பாய்ச்சி, ஓரிரு நிமிடத்தில் ஈரம், புரதம், நார், எண்ணெய் எல்லாவற்றையும் சொல்லும் கருவிகளும் பெரிய தீவன ஆலைகளுக்கு வந்துவிட்டன. வாங்குகிறவர் சோதிக்கிறார் என்று தெரிந்தாலே விற்கிறவர் கை நடுங்கும்.

உழவருக்கு என்ன கிடைக்கிறது?

புண்ணாக்கின் தரத்துக்கு ஆலையை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. பயறு எப்படியோ அப்படித்தான் புண்ணாக்கு. அறுவடை நேரத்து மழையில் நனைந்த பயறு கறுக்கும், பூஞ்சை பிடிக்கும், எண்ணெயில் அமிலம் ஏறும். அவசர அவசரமாகக் கதிரடித்தால் பயறு உடையும், மண்ணும் கலக்கும்.

உழவர் ஏன் அவசரப்படுகிறார்? கடன் நெருக்குகிறது. கோதுமை விதைக்கும் பருவம் வாசலில் நிற்கிறது. அதோடு, மண்டியில் எடைக்குத்தான் விலை. ஈரம் பார்ப்பார்கள், குப்பை பார்ப்பார்கள்; புரதம் எவ்வளவு என்று கேட்பார் இல்லை. கேட்காத சரக்கை எவர் விளைவிப்பார்? புரதம் கூடிய ரகங்களில் விளைச்சல் சற்றுக் குறைவது சோயாவின் இயல்பு. கூடுதல் புரதத்துக்குக் கூடுதல் விலை தராவிட்டால், உழவர் மூட்டை எண்ணிக்கையைத்தான் பார்ப்பார். அதில் அவர் மீது என்ன தவறு?

ஐ.டி.சி. நிறுவனம் 2000ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்துச் சோயா கிராமங்களில் 'இ-சௌபால்' என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. கிராமத்து உழவர் ஒருவர் வீட்டில் கம்ப்யூட்டர். மண்டிக்குப் புறப்படும் முன்பே அன்றைய விலை தெரியும். சரக்கைக் கம்பெனி மையத்துக்கே கொண்டுபோனால், மின்னணுத் தராசில் எடை, கண்ணெதிரே தரம் பார்த்தல், கையோடு பணம். வியாபாரி கையில் அள்ளிப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி விலை சொல்வதற்கும், கருவி காட்டிய எண்ணைப் பார்த்து விலை பேசுவதற்கும் உள்ள வேறுபாட்டை உழவர்கள் அப்போது கண்டார்கள். ஆலையும் உழவரும் நேருக்கு நேர் நின்றால் இருவருக்கும் லாபம் என்பதற்கு அது ஒரு சாட்சி.

விதையிலேயே மாற்றம்

சூட்டினால் அழிக்க வேண்டிய தடுப்பான் விதையிலேயே இல்லாவிட்டால்? இந்தூர் விஞ்ஞானிகள் இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டு உழைத்தார்கள். டிரிப்சின் தடுப்பான்களில் முக்கியமானது குனிட்ஸ் வகை. அது இல்லாத ஒரு வெளிநாட்டு விதையை நம் நாட்டு ரகத்தோடு இணைத்து, திரும்பத் திரும்பப் பொறுக்கி எடுத்ததில், 2018இல் என்.ஆர்.சி. 127 என்ற ரகம் வெளிவந்தது. வேறொரு வகைத் தடுப்பான் கொஞ்சம் மிஞ்சியிருப்பதால் வாட்டுவதை அடியோடு விட்டுவிட முடியாது. ஆனால் குறைந்த சூடு போதும். எரிபொருள் மிச்சம், லைசினும் தப்பும்.

ஆனால் இந்த ரகத்தை மற்றப் பயறோடு மண்டியில் கொட்டிக் கலந்துவிட்டால் எல்லாம் வீண். தனியே விதைத்து, தனியே வாங்கி, தனியே ஆட்ட வேண்டும். அதற்கு ஆலை முன்கூட்டியே ஒப்பந்தம் போட வேண்டும். கூடுதல் விலைக்கு உறுதி கொடுக்க வேண்டும். விதை கொடுக்க விஞ்ஞானி இருக்கிறார். வாங்க ஆலை முன்வர வேண்டும்.

பெரிய செலவில்லாத வேலைகளும் இருக்கின்றன. விதையோடு ரைசோபியம் நுண்ணுயிர் உரம் கலந்து விதைத்தால், வேர்முடிச்சுகள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துத் தரும். ஹெக்டேருக்கு 20 கிலோ கந்தகச் சத்து இட வேண்டும் என்பது சிபாரிசு. பயிர் மெத்தியோனினை உண்டாக்கக் கந்தகம் வேண்டும்.

இரண்டு ஆண்டுகள், இரண்டு பாடங்கள்

ஒருவர் வயிற்றில் அடித்து மற்றவர் நெடுநாள் பிழைக்க முடியாது என்பதற்கு அண்மைக்காலச் சம்பவங்கள் இரண்டு.

2021இல் சோயா விலை குவிண்டாலுக்குப் பத்தாயிரம் ரூபாயைத் தாண்டியது. புண்ணாக்கு டன் ஒரு லட்ச ரூபாயை எட்டியது. கோழிப்பண்ணைகள் கலங்கின. அந்த ஆகஸ்டில் மத்திய அரசு, மரபணு மாற்றிய சோயாவின் புண்ணாக்கை 12 லட்சம் டன் வரை இறக்குமதி செய்ய அனுமதித்தது. இந்தியாவில் மரபணு மாற்றிய சோயாவைப் பயிரிட அனுமதி இல்லை.

2024இல் கதை தலைகீழ். அரசு நிர்ணயித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,892 ரூபாய். மண்டியிலோ நாலாயிரத்துக்கும் கீழே இறங்கியது. மத்தியப் பிரதேசத்து உழவர்கள் டிராக்டர்களோடு தெருவுக்கு வந்தார்கள். ஆதரவு விலையில் அரசே கொள்முதல் செய்ய ஏற்பாடாயிற்று. வழக்கமாக ஈரம் நூற்றுக்கு 12க்கு மேல் இருந்தால் வாங்க மாட்டார்கள். அந்த ஆண்டு நவம்பரில் அதை 15 வரை தளர்த்தினார்கள். உழவருக்கு அது நிவாரணம். சரக்குக்கு அது சோதனை. அறுவடைக் களத்துப் பக்கத்திலேயே உலர்த்தும் வசதி இருந்தால் இந்தத் தளர்வே தேவைப்பட்டிராது.

போதாக்குறைக்கு, மக்காச்சோளத்திலிருந்தும் அரிசியிலிருந்தும் எத்தனால் எடுத்தபின் மிஞ்சும் சக்கை, மலிவான தீவனமாகச் சந்தைக்கு வந்திருக்கிறது. சோயாவுக்கு அது போட்டி. போட்டியில் சோயா நிற்க வேண்டுமானால் விலையால் மட்டும் நிற்க முடியாது. சத்தால் நிற்க வேண்டும்.

கூட்டு முயற்சிக்கு ஓர் உதாரணம்

அமெரிக்காவில் சோயா உழவர்கள், தாங்கள் விற்கும் பயறின் விலையில் நூற்றுக்கு அரைப் பங்கை ஒரு பொது நிதிக்குக் கொடுக்கிறார்கள். 1991 முதல் இது நடக்கிறது. புதிய ரகம், தர ஆராய்ச்சி, வெளிநாட்டுச் சந்தை எல்லாவற்றுக்கும் அந்த நிதியிலிருந்து செலவு. சோயாவின் முதல் வாடிக்கையாளர் கோழியும் பன்றியும் மாடும்தான் என்று உணர்ந்து, தீவனத்துக்கு எந்தச் சத்து வேண்டுமோ அதைப் பயறில் கூட்டுவதற்கு உழவர், விதைக் கம்பெனி, ஆலை, தீவனக்காரர் ஆகியோர் ஒரே மேஜையில் உட்கார்ந்து பேசினார்கள்.

நமக்கும் இது புதிதல்ல. 1982இல் கோழிப்பண்ணைக்காரர்கள் ஒன்றுகூடி முட்டை ஒருங்கிணைப்புக் குழுவை ஏற்படுத்தியதால்தான், வியாபாரி வைத்ததே விலை என்ற காலம் மாறியது. அதே நாமக்கல்காரர்கள், அதே ஒற்றுமையோடு இந்தூர் ஆலைகளிடம், "புரதத்தையும் பக்குவத்தையும் எழுதிக் கொடுங்கள், நல்ல சரக்குக்கு நல்ல விலை தருகிறோம்" என்று பேசலாம். ஆலை அந்தக் கூடுதல் விலையில் ஒரு பங்கை உழவருக்குக் கொடுத்தால், உழவர் உலர்த்தித் தருவார். ரகம் பிரித்துத் தருவார். சோதனைச் சீட்டு எல்லாருக்கும் பொதுவாக இருந்தால் சண்டைக்கு இடமில்லை.

வீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்டும் தொழிலாளிக்கு, முட்டை விலையில் ஐம்பது காசும் பெரிதுதான். மாளவத்தில் டிராக்டர் கடன் கட்டும் உழவருக்குக் குவிண்டாலுக்கு நூறு ரூபாயும் பெரிதுதான். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை, பார்க்கப்போவதும் இல்லை. ஆனாலும் ஒருவர் வயலில் உலர்த்திய பயறு, இன்னொருவர் தட்டில் முட்டையாக வருகிறது. நடுவில் இருப்பவர்கள் நேர்மையாக அளந்தால், இருவருக்கும் வயிறு நிறையும்.